ஈரோட்டுக்காரர் அரசவையில்: காலப் பயண நாவலும் கத்திச் சண்டைப் படமும்

மார்க் ட்வைன் 1889-இல் எழுதிய ‘ஆர்தர் அரசவையில் ஒரு கனெக்டிகட் யாங்கி’ நாவலின் இறுதி அத்தியாயங்களைப் படித்தவர்கள் அவற்றை எளிதில் மறக்கமாட்டார்கள். ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் ஆயுதத் தொழிற்சாலையொன்றின் மேற்பார்வையாளனான ஹாங்க் மார்கன், கடப்பாரையால் தலையில் அடிபட்டு மயங்கி, ஆறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கண்விழிக்கிறான். சூரிய கிரகணம் எப்போது நிகழும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஓர் அறிவைக் கொண்டு மந்திரவாதி மெர்லினை வென்று, அரசனுக்கு அடுத்த இடத்தைப் பிடிக்கிறான். பள்ளிக்கூடம், செய்தித்தாள், தொலைபேசி என ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறான். குடியரசு அமைப்பதே அவன் கனவு. ஆனால் கதை முடிவது போர்க்களத்தில். ஐம்பத்துச் சொச்சம் பேர் மின்சார வேலிக்கும் இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் பின்னால் நின்று இருபத்தைந்தாயிரம் வீரர்களைக் கொல்கிறார்கள். பிறகு தாங்கள் குவித்த பிணங்களின் மதிலுக்குள்ளேயே சிறைப்பட்டு, அவற்றின் நச்சுக் காற்றால் நோயுற்று வீழ்கிறார்கள்.

பழமையின் மூடத்தனத்தைக் கேலி செய்யத் தொடங்கிய நாவல், நவீனத்தின் கொலைத்திறனைக் கண்டு திடுக்கிட்டு நிற்கிறது. கத்தி இருபுறமும் வெட்டுகிறது. காலப் பயண நாவல் என்ற வடிவத்தின் உயிர்நிலை இதுதான் என்று நான் கருதுகிறேன். பயணி கடந்த காலத்தைப் பார்க்கிறான். கடந்த காலமும் அவனைத் திரும்பிப் பார்க்கிறது.

இந்நாவல் 1921-இல் மௌனப் படமாகவும், 1931-இல் வில் ராஜர்ஸ் நடித்த பேசும்படமாகவும், 1949-இல் பிங் கிராஸ்பி பாடி நடித்த வண்ணப் படமாகவும் வந்தது. கோட்டையும் குதிரையும் கேலியும் காதலும் திரைக்கு வந்து சேர்ந்தன. பிணமதில் வந்து சேரவில்லை. சிரித்துவிட்டுக் கலைந்து செல்ல ஏதுவான ஒரு வீரசாகசம் எஞ்சியது. ஒரு காலப் பயண நாவல் திரைப்படமாகும்போது எது தங்குகிறது, எது உதிர்கிறது என்பதை இதிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். அந்தக் கேள்வியைக் கொங்குநாட்டுத் திரை வரலாற்றோடு சேர்த்து யோசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தொடர்பற்றதாகத் தோன்றலாம். அப்படியில்லை என்பதைப் போகப்போகக் காணலாம்.

*

மைக்கேல் கிரைட்டனின் ‘டைம்லைன்’ நாவல் 1999-இல் வெளிவந்தது. பிரான்சில் அகழாய்வு செய்யும் வரலாற்று மாணவர்கள் சிலர், தங்கள் பேராசிரியரை மீட்பதற்காக 1357-ஆம் ஆண்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரின் காலம் அது. கிரைட்டன் பெரிய இலக்கியவாதி அல்லர். என்றாலும் தாம் எடுத்துக்கொண்ட பொருளின் சிக்கலை அறிந்தவர். பதினான்காம் நூற்றாண்டுக் காட்டின் நிசப்தம் அவருடைய பாத்திரங்களைத் திகைக்க வைக்கிறது. அக்கால மொழிகள் அவர்களுக்கு விளங்காது என்பதால் காதுக்குள் மொழிபெயர்ப்புக் கருவி பொருத்தப்படுகிறது. ‘இருண்ட காலம்’ என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் காலத்தின் மனிதர்கள் உடல்வலுவிலும் தொழில்திறனிலும் தம்மைவிட மேம்பட்டவர்களாக இருப்பதை மாணவர்கள் அச்சத்தோடு உணர்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, கடந்த காலத்தையே ஒரு விற்பனைச் சரக்காக்க நினைக்கும் தொழிலதிபன் ஒருவன் நாவலின் மையத்தில் இருக்கிறான். கொள்ளைநோய் பரவிய 1348-ஆம் ஆண்டுக்கு அவனை அனுப்பிவைப்பதில் கிரைட்டனின் தீர்ப்பு இருக்கிறது.

ரிச்சர்ட் டானர் இயக்கத்தில் 2003-இல் வெளிவந்த திரைப்படத்தில் காதுக் கருவி இல்லை. அன்றைய ஆங்கிலேயர்கள் இன்றைய ஆங்கிலத்தையே பேசுகிறார்கள். நாவலில் பேராசிரியருக்கு மாணவனாக மட்டுமே இருந்த கிறிஸ், படத்தில் அவருடைய மகனாகிவிடுகிறான். வரலாற்றில் நாட்டமில்லாதவனாகவும் ஆகிவிடுகிறான். திரைக்கதையாளரின் கணக்கு நமக்குப் புரியாததல்ல. தந்தையைத் தேடும் மகன் என்றால் பார்வையாளனுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் கதையின் அச்சு முறிகிறது. அறிவதற்காகச் சென்றவர்களின் கதை, தப்பி வருவதற்காகச் சென்றவர்களின் கதையாகிவிடுகிறது. பிறகு எஞ்சுவது இரவுப் போர், தீயம்புகள், கல்லெறி பொறிகள், கோட்டை முற்றுகை. படம் வணிகரீதியாகவும் தோற்றது.

இத்தகைய உதிர்வுக்கு இயக்குநர்களின் திறமைக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது. ஊடகத்தின் இயல்பும் ஒரு காரணம். நாவலில் நாம் பயணியின் மனத்துக்குள் அமர்ந்திருக்கிறோம். அவனுடைய வியப்பு, கூச்சம், குற்றவுணர்வு யாவும் வாக்கியங்களாக நம்மை எட்டுகின்றன. கேமராவோ வெளியே நிற்கிறது. அதன் முன் வாள் மின்னுகிறது, குதிரை பாய்கிறது, கோட்டைக் கதவு பிளக்கிறது. இவற்றைப் படமாக்குவது கடினமான உழைப்பு, ஆனால் சாத்தியமான உழைப்பு. ‘நான் இந்தக் காலத்தவன் இல்லை’ என்ற உணர்வைப் படமாக்குவதற்கு உழைப்பு மட்டும் போதாது. பெரும் பொருட்செலவில் கோட்டை எழுப்பிவிட்ட தயாரிப்பாளர், பார்வையாளன் கோட்டையைப் பார்த்தாலே போதும் என்று நினைப்பது இயற்கை.

*

இந்தியாவில் இதற்கு மிக நெருங்கிய முயற்சி, சிங்கீதம் சீனிவாசராவ் தெலுங்கில் இயக்கி 1991-இல் வெளிவந்த ‘ஆதித்யா 369’. தமிழில் ‘அபூர்வ சக்தி 369’ என்ற பெயரில் மொழிமாற்றம் செய்யப்பட்டது. எச்.ஜி.வெல்ஸின் ‘கால யந்திரம்’ (1895) தந்த தூண்டுதலில் உருவான படம். நந்தமூரி பாலகிருஷ்ணா இரட்டை வேடங்களில் நடித்தார். இசை இளையராஜா.

வெல்ஸின் பயணி கடந்த காலத்துக்குப் போவதில்லை. அவன் எட்டு லட்சத்து இரண்டாயிரத்து எழுநூற்றொன்றாம் ஆண்டுக்குப் போகிறான். அங்கே மனித இனம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே வெயிலில் விளையாடும் மென்மையானவர்கள். கீழே இருட்டில் இயந்திரங்களோடு வாழ்பவர்கள். முதலாளியும் தொழிலாளியும் பல்லாயிரம் ஆண்டுகள் விலகி வாழ்ந்தால் என்ன நேரும் என்ற விக்டோரிய இங்கிலாந்தின் அச்சமே அக்கற்பனை. சிங்கீதத்தின் யந்திரமோ 1526-ஆம் ஆண்டு விஜயநகரத்துக்குப் போகிறது. கிருஷ்ணதேவராயரின் அவை, தெனாலிராமன், நடனப் போட்டி, களவாடப்படும் வைரம் என்று படத்தின் நடுப்பகுதி முழுவதும் ஓர் இனிய ராஜா ராணிக் கதை. அதன் பிறகே யந்திரம் எதிர்காலத்துக்குப் புறப்பட்டு, அணுப்போரில் மேற்பரப்பு பாழாகி மனிதர்கள் நிலத்தடியில் வாழும் 2504-ஆம் ஆண்டில் நிற்கிறது.

இந்தப் படத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கணினி வரைகலை நம்மிடம் பரவலாகாத நாட்களில் ஒரு சிறுவனின் குதூகலத்தோடு எடுக்கப்பட்ட படம் அது. இன்றும் சலிப்பின்றிப் பார்க்க முடிகிறது. எனினும் வெல்ஸிடமிருந்து சிங்கீதம் எந்தத் திசையில் விலகினார் என்பது கவனத்துக்குரியது. பொற்காலம் நமக்குப் பின்னால் இருக்கிறது, அழிவு நமக்கு முன்னால் இருக்கிறது என்பது புராண மரபில் வந்த நம் மனத்துக்கு மிகவும் இணக்கமான வரைபடம். கிருத யுகம் போய்க் கலியுகம் வரும் என்பதன் அறிவியல் வேடம். ராயரின் அவைக்குச் செல்லும் நாயகன் அங்கே எதையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. அன்று ராயரின் ஆட்சிக்குள் கொங்குநாடும் இருந்தது. அங்கே மேட்டுக்காட்டில் உழுதவன் என்ன வரி கொடுத்தான், என்ன உண்டான் என்று அந்த யந்திரத்தில் சென்ற எவரும் விசாரிக்கவில்லை. விசாரிப்பதற்கு அவர்களுக்கு நேரமும் இல்லை; வைரத்தைத் துரத்த வேண்டியிருந்தது.

*

ஆக, ட்வைனும் கிரைட்டனும் வெல்ஸும் திரைக்கு வரும்போது பயணி காணாமற்போகிறான், பயணம் மட்டும் எஞ்சுகிறது. தமிழில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது என்பதே நான் சொல்ல விரும்புவது. இங்கே யந்திரம் இல்லை, காலப் பயண நாவலும் இல்லை. ஆனால் பயணி இருந்தான். அவன் ஈரோட்டிலிருந்து புறப்பட்டான்.

1940களில் தமிழ்ப் படத் தயாரிப்பின் முக்கியமான நிலையங்களில் சில கொங்குநாட்டில் இருந்தன. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும், சேலத்தில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். 1905-இலேயே புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கிய கோவை சாமிக்கண்ணு வின்சென்ட்டின் மண் இது. நூற்பாலைகளில் சேர்ந்த பணத்தின் ஒரு பகுதி படத்தொழிலுக்கு வந்தது. வாளும் முடியும் அந்தப்புரமும் கொண்ட சாகசக் கதைகள் இந்த நிலையங்களின் அன்றாட உற்பத்தி.

அதே காலத்தில் ஈரோட்டில் வேறொரு உற்பத்தி நடந்துகொண்டிருந்தது. பெரியார் 1925-இல் தொடங்கிய வார இதழின் பெயர் ‘குடிஅரசு’. ட்வைனின் ஹாங்க் மார்கன் எந்த ஆட்சியைக் கனவு கண்டானோ அதே பெயர். மதகுருமாரையும் மந்திரவாதத்தையும் பிறப்பினால் வரும் உயர்வையும் எதிர்ப்பதே அவ்விதழின் பணி. ஹாங்க்கின் பணியும் அதுவே. புதுச்சேரியில் தாக்கப்பட்டுக் காயமுற்ற இளம் பேச்சாளர் மு.கருணாநிதியைப் பெரியார் ஈரோட்டுக்கு அழைத்துவந்து ‘குடிஅரசு’ அலுவலகத்தில் துணையாசிரியராக அமர்த்திக்கொண்டார். அங்கிருந்தபோதுதான் கோவையிலிருந்து ஜுபிடர் பிக்சர்ஸின் அழைப்பு வந்தது. படத்தின் பெயர் ‘ராஜகுமாரி’. ஏ.எஸ்.ஏ.சாமி இயக்கம். எம்.ஜி.ராமச்சந்திரன் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம்.

இந்தக் காட்சியைச் சற்று நின்று பார்க்கலாம். ‘குடிஅரசு’ இதழின் துணையாசிரியர் ரயிலேறிக் கோவைக்குப் போகிறார். சிங்காநல்லூர்ப் பக்கத்து ஸ்டூடியோவில் மரச்சட்டத்தாலும் சாக்குத் துணியாலும் எழுப்பப்பட்ட ஓர் அரண்மனை நிற்கிறது. அதற்குள் ஓர் அரசனும் அவனுடைய அவையும். இவர் அவர்களுக்குப் பேசக் கற்றுத்தருகிறார். ஈரோட்டுக்கும் கோவைக்கும் நூறு கிலோமீட்டர் தூரம். ஆனால் அந்தப் பயணம் ஹாங்க் மார்கனின் பதின்மூன்று நூற்றாண்டுப் பயணத்துக்கு ஒப்பானது. வேறுபாடு ஒன்றுதான்: ட்வைன் தம் யாங்கியைக் கதைக்குள் பாத்திரமாக வைத்தார். தமிழ்ப்படத்தில் யாங்கி வசனகர்த்தாவாக இருந்தார்.

‘ராஜகுமாரி’ 1947-இல் வெளிவந்த மாயாஜாலக் கதை. அதில் இப்பயணம் தொடக்கநிலையில்தான் இருந்தது. 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘மந்திரிகுமாரி’யில் அது முழுமையடைந்தது. கிடைக்காமற்போன காப்பியமான குண்டலகேசியின் கதைக்கூறிலிருந்து கருணாநிதி எழுதிய நாடகமே அப்படத்துக்கு அடிப்படை. கணவன் மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்ல நினைக்கையில் மனைவி அவனைச் சுற்றிவந்து முந்திக்கொள்ளும் நிகழ்ச்சி காப்பிய மரபினது. ஆனால் அரசனைக் கைப்பாவையாக்கிய ராஜகுரு, பகலில் ராஜகுருவின் மகனாகவும் இரவில் கொள்ளையனாகவும் திரியும் பார்த்திபன், அவர்களை எதிர்க்கும் தளபதி என்னும் அமைப்பு ‘குடிஅரசு’ பக்கங்களிலிருந்து இறங்கி வந்தது. ட்வைனின் மெர்லினும் திருச்சபையும் எம்.என்.நம்பியாரின் ராஜகுருவாக முல்லை நாட்டில் மறுபிறவி எடுத்ததுபோல இருந்தது. கருணாநிதி ட்வைனிடம் கடன் வாங்கினார் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே வகை மனம் ஒரே வகை அரசவைக்குள் நுழைந்தால் ஒரே வகைக் கதைதான் பிறக்கும் என்கிறேன்.

காலமும் இதற்குக் கூட்டுச் சேர்ந்தது. 1948-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1950 ஜனவரி 26-இல் நாடு குடியரசாயிற்று. சில மாதங்களில் ‘மந்திரிகுமாரி’ திரைக்கு வந்தது. நேற்றுவரை குடிகளாக இருந்து இன்று குடிமக்களானவர்கள் கொட்டகையில் அமர்ந்து, அரசர்களை நோக்கித் தங்கள் சார்பில் யாரோ கேள்வி கேட்பதைப் பார்த்தார்கள். கால யந்திரம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அவர்களே இரண்டு காலங்களில் வாழ்ந்தவர்கள்.

இதன் உச்சம் எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கி 1958-இல் வெளியிட்ட ‘நாடோடி மன்னன்’. அது சென்னையில் உருவான படம். ஆனால் வேர் கோவையிலும் சேலத்திலும் பழகிய கலையில் இருந்தது. அரசனும் நாடோடியும் ஒரே முகம் கொண்டவர்கள் என்ற கரு, ஆன்டணி ஹோப்பின் ‘ஸெண்டாவின் கைதி’ (1894) வழியாக வந்தது. ஹோப்பின் நாயகன் அரியணையில் அமர்ந்து காதலிக்கிறான், வாள் சுழற்றுகிறான், கடமை முடிந்ததும் விலகுகிறான். தமிழ் நாடோடியோ அரியணையில் அமர்ந்ததும் மக்களுக்கான சட்டங்களைப் பட்டியலிடுகிறான். மக்களாட்சி அறிவிக்கப்படுவதோடு படம் முடிகிறது. சாகச நாவலொன்றைத் தழுவும்போது இங்கே அரசியல் உதிரவில்லை. மூலத்தில் இல்லாத அரசியல் புதிதாக வந்து சேர்ந்தது. ஹாலிவுட் ட்வைனுக்குச் செய்ததன் எதிர்வினை இது.

*

இவ்வளவு சொன்னபின், இழப்பையும் சொல்லியாக வேண்டும். கத்தி இருபுறமும் வெட்ட வேண்டும் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேன். நம் ராஜா ராணிப் படங்களில் அது ஒருபுறம் மட்டுமே வெட்டியது. நிகழ்காலம் கடந்த காலத்தை விசாரித்தது. கடந்த காலம் வாய்திறந்து நம்மை எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே உண்மையான கடந்த காலம் இல்லை. முல்லை நாடும் அதுபோன்ற பிற நாடுகளும் எந்த நிலப்படத்திலும் கிடையாது. அவற்றுக்கு நாணயம் இல்லை, கல்வெட்டு இல்லை, பயிர் இல்லை. அரசன் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தவன் என்று யாரும் கேட்டதில்லை. வசனத்துக்கு மேடையாக நிற்பதே அந்த நாடுகளின் வேலை.

கொங்கின் சொந்த இடைக்காலக் கதை திரைக்கு வந்தபோதும் இந்தக் குறை தீரவில்லை. அண்ணன்மார் கதை, உடுக்கடிக் கலைஞர்கள் பல இரவுகள் பாடும் பெருங்கதை. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் வட்டாரத்தில் தங்கி அதை ஒலிப்பதிவு செய்து பின்னர் நூலாக்கினார். கருணாநிதி அதை ‘பொன்னர் சங்கர்’ என்ற நாவலாக எழுதினார். 2011-இல் தியாகராஜன் அதைப் பிரசாந்த் நடிப்பில் திரைப்படமாக்கினார். உடுக்கடிப் பாட்டில் பாடுபவர் ஒருவர், பின்பாட்டுக்காரர் ஒருவர். பின்பாட்டுக்காரர் ‘ஆமாம்’ போடுவார், சந்தேகம் கேட்பார், இன்றைய ஊர்க்கதையை இடையில் இழுப்பார். கேட்பவர்களும் சாமி வந்து ஆடுவார்கள்; கதையின் படுகளம் அவர்கள் கண்முன் நிகழும். அதாவது கதை நடந்த காலத்துக்கும் கேட்கும் காலத்துக்கும் இடையே ஓயாத போக்குவரத்து உண்டு. திரைப்படத்தில் அந்தப் பின்பாட்டுக்காரருக்கு இடமில்லாமற் போயிற்று. பிரம்மாண்டமான அரங்குகளும் போர்களும் இருந்தன. காலங்களுக்கு இடையே வாசல் திறந்துவைப்பவர்தான் இல்லை.

*

வெல்ஸின் யந்திரத்தைப் பற்றி ஒரு நுட்பமான செய்தி உண்டு. அது காலத்தில் மட்டுமே நகரும், இடம் மாறாது. லண்டனை அடுத்த தேம்ஸ் பள்ளத்தாக்கில் ஏறியவன் அதே பள்ளத்தாக்கில்தான் இறங்குகிறான். அப்படியானால் ஈரோட்டில் காலிங்கராயன் வாய்க்கால் கரையில் ஒருவர் அந்த யந்திரத்தில் ஏறி, எழுநூற்று நாற்பது ஆண்டுகள் பின்னால் சென்றால் என்ன காண்பார்?

வாளேந்திய வீரனைக் காணமாட்டார். மண்வெட்டி ஏந்தியவர்களைக் காண்பார். கொங்கு பாண்டியர் ஆட்சிக்குள் இருந்த பதின்மூன்றாம் நூற்றாண்டில், அவர்களுடைய அதிகாரியான காலிங்கராயன், பவானி ஆறு காவிரியோடு கலப்பதற்குச் சற்று முன்னால் அணைகட்டி, அங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டினார். 1283-இல் பணி நிறைவுற்றது என்று கொள்ளப்படுகிறது. வளைந்து வளைந்து சென்று நொய்யல் வரை எட்டும் அவ்வாய்க்கால், இன்றும் 15 ஆயிரம் ஏக்கருக்கு மேல் நீர் தருகிறது. கம்பும் சோளமும் விளையும் மேட்டு நிலத்தவர்களுக்கு அரிசியின் தரம் என்ன தெரியும் என்று சம்பந்தி வீட்டில் கேலி செய்யப்பட்டதால் அவர் சபதம் பூண்டார் என்றும், பாம்பு ஊர்ந்த தடத்தைப் பார்த்து வாய்க்காலின் போக்கை அமைத்தார் என்றும் கர்ணபரம்பரைக் கதைகள் உண்டு. தன்னலத்துக்காகச் செய்தான் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக, தாமும் தம் வழியினரும் அவ்வாய்க்காலின் நீரைத் தொடுவதில்லை என்று உறுதிபூண்டு பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்ததாகவும் சொல்வார்கள்.

கதையாக வைத்துக்கொண்டாலும் இதில் ஒரு நாவலுக்கான சரக்கு இருக்கிறது. ட்வைனின் யாங்கி ஆறாம் நூற்றாண்டுக்குப் பொறியியலைக் கற்பிக்கப் போனான். கொங்குக்கு வரும் யாங்கி அந்த அணையருகே வாயடைத்து நின்றிருப்பான். மட்டம் பார்க்கும் நவீனக் கருவி இல்லாமல் இத்தனை தூரம் நீரை எப்படி நடத்தினீர்கள் என்று கேட்டு, குறிப்பேட்டை எடுத்திருப்பான்.

அடுத்த காட்சியை நினைத்துப் பார்ப்பது கடினம். யந்திரம் திரும்பும்போது காலிங்கராயனும் அதில் ஏறிக்கொண்டால்? ஈரோட்டு நகரத்தை ஒட்டி ஓடும் தம் வாய்க்காலில் சாயப் பட்டறைகளின் நிறமும் தோல் பதனிடும் ஆலைகளின் நாற்றமும் கலப்பதை அவர் காண்பார். கழிவுநீர் வாய்க்காலில் கலவாதிருக்க அதன் ஓரமாகவே இன்னொரு சிறு வாய்க்கால் கட்ட வேண்டியிருந்ததையும் காண்பார். அரிசிக்காக வெட்டிய வாய்க்காலின் நீரைத் தாம் குடிக்காமல் விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. நீங்கள் ஏன் குடிப்பதில்லை என்று அவர் நம்மிடம் கேட்கக்கூடும்.

ஈரோட்டிலிருந்து அரசவைக்குச் சென்ற பயணி, அரசர்களிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிட்டார். அந்தப் படங்கள் நமக்குச் செய்த நன்மை அது. எதிர்த்திசையில் வரும் பயணியின் படம் இன்னும் எடுக்கப்படவில்லை. அதற்குக் கோட்டை தேவையில்லை, குதிரைப்படை தேவையில்லை. நீண்டு கிடக்கும் ஒரு வாய்க்காலும், அதன் கரையில் நின்று பதில் சொல்லத் தயாராக இருக்கும் சிலரும் போதும்.